வெயில்படும் பக்கம்

துன்பம் வந்துற்ற காலத்து மனந்தளராதிருத்தல் வேண்டுமென்று அறநூல்கள் யாவும் கூறுகின்றன. கூறுதல் எளிது, கேட்டலும் எளிது. ஆயினும், நோயுற்றவனுக்கும் வேலையிழந்தவனுக்கும் அவ்வுரை சிற்சில சமயங்களில் ஆறுதலளியாது எரிச்சலையே விளைவிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். துயரம் அறியாதவன் கூறும் உற்சாகமொழியைத் துயரப்படுவோன் எங்ஙனம் நம்புவான்? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் ஓர் எளிய நாட்டுப்புறப் பாடலின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதன் பெயர் 'கீப் ஆன் தி சன்னி சைட்' என்பது; வெயில்படும் பக்கத்திலேயே செல்க என்பது அதன் பொருள்.

இப்பெயரே நமக்குச் சற்று வியப்பளிக்கக்கூடும். நாம் நிழலின் அருமையை வெயிலில் நின்று அறிபவர். சாலையில் நடக்குங்கால் நிழலுள்ள பக்கத்தையே நாடுபவர். குளிர்நாட்டாரோ ஆண்டிற் பல மாதங்கள் கதிரவன் முகங்காணாது வாடுபவராதலின், வெயில் விழும் பக்கம் அவர்களுக்கு இதமும் இன்பமுமாம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி அப்பாடலின் சுவை நமக்குப் புலனாகாது.

பாடலை இயற்றியவர் ஏடா பிளெங்கார்ன் என்னும் பெண்மணி; இசையமைத்தவர் ஜே. ஹௌவர்ட் எண்ட்விசில். காலம் 1899-ஆம் ஆண்டு. நடக்கவியலாத அவ்வம்மையின் மருமகன் ஒருவன் சக்கர நாற்காலியில் வெளியே செல்லும்போதெல்லாம், தெருவின் வெயில்படும் பக்கமாகவே தன்னைத் தள்ளிச் செல்லுமாறு வேண்டுவானாம். அவ்வேண்டுகோளே பாடலுக்கு வித்தாயிற்று என்பர். இங்கு ஒன்று கருதத்தக்கது. நோய் இல்லையென்று அச்சிறுவன் பாவனை செய்யவில்லை. தெருவில் நிழலே இல்லையென்றும் கூறவில்லை. தெருவுக்கு இரு பக்கங்கள் உண்டென்பதை அறிந்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டான்.

பாடலின் அமைப்பும் இத்தன்மையதே. முதற் சரணம் வாழ்வில் இருளும் துன்பமும் உண்டென்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றது. இரண்டாவது, நம்பிக்கைகளைச் சிதைக்கும் புயலைக் கூறி, அது கடந்துபோவதையும் கூறுகின்றது. மூன்றாவதுதான் நாள்தோறும் இரட்சகரைச் சார்ந்து நம்பிக்கையோடிருக்குமாறு ஏவுகின்றது. இவற்றினிடையே மீண்டும் மீண்டும் வரும் பல்லவியே வெயில்படும் பக்கத்தைப் பற்றியது. துன்பத்தை முதலிற் சொல்லிப் பின்னரே உற்சாகத்தைச் சொல்லும் இம்முறையினாற்றான் கேட்போர் அதனை நம்புகின்றனர்.

ஞானப்பாட்டாகப் பிறந்த இதனை நாட்டுப்புறச் சங்கீதமாக்கியவர் கார்ட்டர் குடும்பத்தார் மூவர். விர்ஜீனியா மாகாணத்து மலைப்பகுதியில் 'ஏழைப் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் பெயருடைய ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சேரா, சேராவின் ஒன்றுவிட்ட சகோதரி முறையினரும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல் என்போர் அம்மூவர். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விக்டர் கம்பெனியைச் சார்ந்த ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் நகரில் மலைநாட்டுப் பாடகர்களின் பாடல்களை இசைத்தட்டுகளிற் பதிவுசெய்ய வந்திருந்தார். மேபெலுக்கு அப்போது வயது 18, நிறைகர்ப்பிணி. சேராவோ கைக்குழந்தையோடு வந்தார். இரண்டு நாட்களில் ஆறு பாடல்கள் பதிவாயின. அடுத்த ஆண்டு, 1928-இல், நியூ ஜெர்சி மாகாணத்துக் காம்டன் நகரில் நாம் கூறிய பாடலையும் அவர்கள் பதிவுசெய்தனர்.

அவர்களுடைய இசை எளிமையே உருவானது. பாட்டின் ஸ்வரங்கள் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களை ஒத்தவை. சேரா முதன்மையாகப் பாட, மேபெல் அதற்கிசைந்த வேறு ஸ்வரங்களிற் கூடப் பாடுவார், ஏ. பி. தம் கனத்த குரலோடு இடையிடையே வந்து சேர்ந்துகொள்வார். மேபெல் கித்தாரின் தடித்த நரம்புகளிற் பெருவிரலால் மெட்டை வாசித்து, மற்ற விரலால் மெல்லிய நரம்புகளை வருடித் தாளத்தையும் காட்டுவார். ஒரே கருவி இருவர் வேலையைச் செய்யும் இம்முறையைப் பிற்காலத்துக் கலைஞர் எண்ணற்றோர் பின்பற்றினர். சோகமோ ஆரவாரமோ இன்றி, வேலை செய்துகொண்டே பாடுவாரைப்போல அவர்கள் பாடினர்.

இசைத்தட்டு வெளிவந்த சின்னாட்களில், 1929-இன் இறுதியில், நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ச்சியுற்று, பெரும் பொருளாதார மந்தம் அந்நாட்டைச் சூழ்ந்தது. 1933-இல் உழைப்பாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். 1927-இல் 10 கோடியளவில் விற்ற இசைத்தட்டுகள் 1932-இல் 1 கோடிக்கும் குறைந்தன. பாடியவர் இல்லத்திலும் இருள் புகுந்தது. ஏ. பி.யும் சேராவும் மனம் வேறுபட்டுப் பிரிந்து, 1936-இல் மணவிலக்குப் பெற்றனர். எனினும் அவர்கள் சேர்ந்து பாடுவதை விட்டாரில்லை. 1938 முதல் மெக்ஸிகோ எல்லையிலிருந்த பேராற்றல் வாய்ந்த வானொலி நிலையமொன்றில் அவர்கள் பாடியபோது, அவர்தம் நிகழ்ச்சியின் அடையாளப் பாடலாக விளங்கியது இதுவே. தம் இல்வாழ்வு முறிந்த பின்னரும் ஒளியின் பக்கத்தைப் பாடியவர்களை நாம் பொய்யர் என்போமா? அன்று, அப்பாடலின் முதற் சரணத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாவர்?

1943-இல் குழு கலைந்தது. ஏ. பி. தம் பள்ளத்தாக்குக்குத் திரும்பி ஒரு சிறு கடை நடத்தி, 1960-இல் காலமானார். பெரும்புகழ் அதன் பின்னரே வந்தது. 1970-இல் நாட்டுப்புறச் சங்கீதப் புகழ் மண்டபத்தில் அக்குடும்பம் இடம்பெற்றது. 1971-இல் இளங்கலைஞர் சிலரோடு சேர்ந்து மேபெல் இப்பாடலை மீண்டும் பதிவுசெய்தார். 2000-இல் வெளிவந்த திரைப்படமொன்றின் வாயிலாகப் புதிய தலைமுறையினரும் இதனைக் கேட்டனர். ஏ. பி.யின் கல்லறைக் கல்லில் ஓர் இசைத்தட்டின் வடிவமும் இப்பாடலின் பெயருமே பொறிக்கப்பட்டுள்ளன.

ஆகவே, நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. உற்சாகமென்பது துன்பத்தைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்வதன்று. இரு பக்கங்களையும் கண்ட பின்னர் ஒன்றைத் தெரிந்து நடப்பதாகும். அன்றியும், அச்சிறுவன் தானே நடந்து செல்லவில்லை என்பதை மறத்தலாகாது. வெயிலை நாடும் மனம் அவனுடையது. நாற்காலியைத் தள்ளிய கை பிறருடையது. துயருறும் தோழனைக் காணுங்கால், மனந்தளராதே என்று சொல்லி அகல்வதோடு அமையாது, அவன் நாற்காலியை ஒளிபடும் பக்கத்துக்குச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போவோமாயின், அவ்வுரையை அவன் நம்புவான்.