தோற்றால் வீடு

2020 நவம்பர் 8. அயர்லாந்தின் கார்க் நகரில் கேலிக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் கூடுதல் நேரமும் முடியும் தறுவாய். கெர்ரி அணி ஒரு புள்ளி முன்னே நிற்கிறது. சமன் செய்துவிட வேண்டும் என்று கார்க் வீரர் லூக் கானலி உதைத்த பந்து போதிய தூரம் போகாமல் கோல் முகப்பிலேயே இறங்குகிறது. அங்கே நின்ற மார்க் கீன் அதைப் பிடித்து வலைக்குள் அடிக்கிறார். 1-12க்கு 0-13 என்று கார்க் ஜெயித்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் தேசிய லீக்கை வென்றிருந்த கெர்ரி, ஒரே ஆட்டத்தோடு அந்த ஆண்டின் அகில அயர்லாந்துப் போட்டியை விட்டு வெளியேறியது. குறி தவறிய ஓர் உதை ஓர் ஆண்டின் கணக்கை மாற்றிவிட்டது. இப்படிப்பட்ட முறை நியாயமானதா என்ற கேள்வி அயர்லாந்தில் வெகுகாலமாக உண்டு. மிகச் சிறந்த அணி எது என்று அளப்பதற்கு, தோற்றால் வீடு என்ற இந்த நாக்-அவுட் முறை நல்ல கருவி அல்ல. ஆனாலும் கேலிக் கால்பந்தைப் போன்ற ஓர் ஆட்டத்துக்கு அது கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் 2020 பருவமே சான்று.

காரணம் புரிய, ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அணிக்கு 15 பேர். மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். நமக்குப் பழகிய கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது. இரு முனைகளிலும் ‘எச்’ எழுத்து வடிவில் கம்பங்கள். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து போனால் கோல், அதற்கு 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே, கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் பிடிக்கலாம், நாலு அடி எடுத்து வைக்கலாம். அதற்குமேல் ஓட வேண்டுமானால் ஒருமுறை தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது கால் நுனியில் விட்டு உதைத்து மீண்டும் கைக்கே கொண்டுவர வேண்டும். தரையில் தட்டுவதை அடுத்தடுத்து இருமுறை செய்யக் கூடாது என்பதால், ஓடுகிறவர் கைக்கும் காலுக்குமாகப் பந்தை மாற்றிக்கொண்டே போவார். எறிவதற்கு அனுமதி இல்லை. காலால் உதைத்தோ கையால் தட்டியோதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். 2-14 என்று எழுதினால் இரண்டு கோல், பதினான்கு தனிப்புள்ளி, ஆக மொத்தம் 20. அண்மையில், 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் 2 புள்ளி என்று ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நாம் பேசும் பருவத்தில் அது இல்லை.

இந்த ஆட்டத்தில் புள்ளிகள் நிறைய விழுகின்றன. இதைச் சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 இறுதியாட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 31 முறை புள்ளி எடுத்தன. உலகக் கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று கோல் விழுந்தால் வழக்கமான ஆட்டம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் புள்ளி எடுக்கும் வாய்ப்பு வலுவான அணிக்கு 100க்கு 60, எதிரணிக்கு 40 என்று கொள்வோம். மொத்தம் மூன்றே முறை புள்ளி விழும் ஆட்டமானால், வலுவான அணி 100 ஆட்டங்களில் சுமார் 65இல் ஜெயிக்கும். 31 முறை விழும் ஆட்டமானால் சுமார் 87இல் ஜெயிக்கும். திறமையில் இருக்கும் அதே சிறு வித்தியாசம், முறை கூடக்கூடப் பெரிதாகிறது. அதிர்ஷ்டத்துக்கு இடம் சுருங்குகிறது. கேலிக் கால்பந்தில் எளிய அணி வலிய அணியைச் சாய்ப்பது அரிதாக இருப்பதன் அடிப்படை இதுதான். இன்னொன்றும் சேர்கிறது: ஆடுகிறவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, அவரவர் தத்தம் கவுண்டிக்கே, அதாவது மாவட்டத்துக்கே, ஆடுகிறார்கள். காசு கொடுத்து வெளியாளைக் கொண்டுவந்து அணியை வலுப்படுத்த வழியில்லை. டப்ளின் தலைநகரம், அதன் மக்கள்தொகையோடு கிராமப்புறக் கவுண்டி எப்படிப் போட்டி போடும்?

இனி நாக்-அவுட் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் 100க்கு 80 வாய்ப்புள்ள அணிகூட, தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பு 41தான். ஆட்டத்துக்குள் சுருங்கிப்போன அதிர்ஷ்டத்துக்கு, போட்டியின் அமைப்பு மறுபடி இடம் கொடுக்கிறது. அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப் 1887இல் தொடங்கி 2000 வரை இப்படித்தான் நடந்தது. வழக்கமாக, முதலில் அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானக்ட் என்ற நான்கு மாகாணங்களுக்குள் மோதல். மாகாணக் கோப்பை வென்ற நால்வர் அரையிறுதிக்கு வருவார்கள். 2001இல் மாகாணத்தில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தரும் தகுதிச் சுற்று வந்தது. அங்கே மக்கள் அதைப் பின்வாசல் என்றே அழைக்கிறார்கள். 2020இல் கொரோனா காரணமாக நாள் போதவில்லை. பின்வாசலை அடைத்துவிட்டு, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் 19க்குள், குளிர்காலத்தில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில் பழைய முறைப்படியே நடத்தினார்கள். 31 அணிகள் பதிந்திருந்தன. ஒருவர் மிஞ்ச வேண்டுமானால் 30 பேர் தோற்றாக வேண்டும், எனவே 30 ஆட்டம். ஸ்லைகோ தொற்றினால் விலகிக்கொண்டதால் 29 ஆயிற்று.

அந்த 29 ஆட்டங்களில் நடந்தவை கவனிக்கத் தக்கவை. கேவன், பருவம் தொடங்குமுன் லீக்கில் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியிருந்த அணி. முன்சுற்றிலேயே ஆட வேண்டி வந்ததால் அல்ஸ்டர் கோப்பைக்கு நான்கு வெற்றி தேவைப்பட்டது. அவற்றில் மோனகனையும் டௌனையும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. மோனகனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெகுதொலைவிலிருந்து வெற்றிப் புள்ளியை உதைத்தவர் கோல்கீப்பர் ரேமண்ட் காலிகன். நவம்பர் 22 அன்று டோனிகலை வென்று, 1997க்குப் பிறகு முதல் முறையாக மாகாணக் கோப்பையைத் தூக்கியது. அதே நாளில் மன்ஸ்டரில், கெர்ரியை வீழ்த்திய கார்க்கை டிப்பரேரி வென்றது. அவர்களுக்கு இது 1935க்குப் பின் முதல் கோப்பை. அதற்கு முந்தைய நாள்தான் ஒரு துயரத்தின் நூற்றாண்டு நிறைவு. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் க்ரோக் பார்க்கில் டிப்பரேரியும் டப்ளினும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள்; டிப்பரேரி வீரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். அவர் நினைவாக வெள்ளையும் பச்சையுமான சட்டை அணிந்தே 2020 அணி ஆடியது. டப்ளின், மேயோ, கேவன், டிப்பரேரி: 1920இன் மாகாண வெற்றியாளர்கள் நால்வரும் அப்படியே 2020இன் நால்வராக வந்தார்கள். இதை விதி என்று பலர் நெகிழ்ந்தார்கள், நெகிழ்ச்சிக்கு எல்லாக் காரணமும் உண்டு. ஆனால் டப்ளினும் மேயோவும் எந்த ஆண்டிலும் எதிர்பார்க்கத் தக்கவர்கள். மற்ற இருவருக்கும் வழிவிட்டது நாக்-அவுட்.

“கடைசியில் டப்ளின்தானே ஜெயித்தது? என்ன மாறிவிட்டது?” என்று கேட்கலாம். டப்ளின் ஜெயித்தது உண்மை. லென்ஸ்டர் இறுதியில் மீத்தை 21 புள்ளி, அரையிறுதியில் கேவனை 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இறுதியில் ஆட்டம் தொடங்கி 13 விநாடி ஆவதற்குள் டீன் ராக் கோல் போட்டார்; 2-14க்கு 0-15 என்று மேயோவை வென்று தொடர்ந்து ஆறாவது கோப்பையைப் பெற்றது. ஆனால் 100க்கு 95 வாய்ப்புள்ள அணிக்கும்கூட ஐந்து ஆட்டம் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 77தான். அதாவது, நாலில் ஒரு முறைக்கு அருகில் அது சறுக்கியாக வேண்டும். மறு ஆண்டும் நாக்-அவுட்தான். அரையிறுதியில் மேயோ டப்ளினைச் சாய்த்தது. இறுதியில் டைரோன் மேயோவை வென்றது, அதுவும் அதே 2-14க்கு 0-15. இரண்டு இறுதியாட்டங்களிலும் தனிப்புள்ளியில் மேயோவே ஒன்று கூடுதல். மூன்று புள்ளி மதிப்புள்ள கோல் இரண்டு விழுந்ததால் கோப்பை கைநழுவியது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பின்வாசல் சிறிய கவுண்டிகளுக்குத்தானே உதவுகிறது, அவர்களுக்கு இரண்டாவது ஆட்டமாவது கிடைக்கிறதே என்பது. இதில் பாதி சரி. 2004இல் ஃபெர்மனாவும் 2016இல் இதே டிப்பரேரியும் அந்த வழியாக அரையிறுதி வரை வந்தன. ஆனால் அந்த வழியாகப் போய்க் கோப்பையை எடுத்தவர்கள் யார்? 2001இல் கால்வே, 2005இலும் 2008இலும் டைரோன், 2006இலும் 2009இலும் கெர்ரி, 2010இல் கார்க். எல்லாரும் பெரிய அணிகள். சறுக்கிய வலியவனுக்கு எழுந்து நிற்க அவகாசம் கொடுத்தால், அவன் எழுந்து நிற்கிறான். 2020இல் பின்வாசல் திறந்திருந்தால் கெர்ரி அதன் வழியே திரும்ப வந்திருக்கும்; மன்ஸ்டர் கோப்பையோடு வந்த டிப்பரேரி அதன் கையில் சிக்கியிருக்கக் கூடும். ஓர் ஆண்டு முழுவதும் வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்த வீரனை ஒரே மாலையில் வீட்டுக்கு அனுப்புவது கொடுமை என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் நாக்-அவுட் ஆக்கச் சொல்லவில்லை. பல வாரம் மீண்டும் மீண்டும் அளக்க லீக் இருக்கிறது. சிறந்தவரைச் சொல்ல அது போதும். மாகாணக் கோப்பையையாவது, தோற்றால் வீடு என்ற முறையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

லீக்கின் அளவுகோல் எதைச் சொன்னது என்பதும் பதிவில் இருக்கிறது. 2021 கோடையில் கேவன், டிப்பரேரி இரண்டும் மூன்றாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு, அதாவது கடைசிப் பிரிவுக்கு, இறங்கின. 2022 ஏப்ரலில் க்ரோக் பார்க்கில் நடந்த நான்காம் பிரிவு இறுதியாட்டத்தில் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதின. 2-10க்கு 0-15 என்று கேவன் ஒரு புள்ளியில் ஜெயித்தது.