வால்பேப்பருக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் சாரல் கோவைக்காரர்களுக்குச் சுகம். மேற்குப் பார்த்த சுவருக்கு அப்படியல்ல. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டால் தெரியும். செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. வெளியே நனைந்த ஈரம் அவற்றின் வழியே உள்ளே ஊறி வரும். வெயில் அடித்ததும் ஆவியாகி இரு பக்கமும் வெளியேறும். அந்த உள்பக்கத்தில்தான் இப்போது வால்பேப்பர் ஒட்டுகிறோம்.

பேப்பர் என்று பெயரே தவிர, கடையில் கிடைப்பது பெரும்பாலும் வினைல்: காகிதத்தின் மேல் பிவிசி பூச்சு. 53 செ.மீ. அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஒரு ரோல் சுமார் 57 சதுர அடி வரும். ஈரத்துணியால் துடைக்கலாம் என்று சொல்லித்தான் விற்பார்கள். தண்ணீரை உள்ளே விடாத அதே பிவிசி, சுவரின் ஆவியையும் வெளியே விடாது. அதை யாரும் சொல்வதில்லை. ஈரம் பசையில் தேங்கும். மாவுப் பசை என்றால் பூஞ்சைக்கு ஸ்டார்ச்சும் ஆயிற்று, காகிதத்தின் செல்லுலோஸும் ஆயிற்று. ராமபாணப் பூச்சிக்கும் அதே சாப்பாடுதான். ஓரத்தை லேசாக உரித்தால் கறுப்புப் புள்ளிகள், கூடவே ஒரு புழுங்கல் வாடை. ஏசி அறையில் இன்னும் மோசம். சுவர் வழியே வரும் வெளி ஈரம், குளிர்ந்த வினைலின் பின்புறம் பட்டு நீராக வேர்க்கும்.

ஐரோப்பாவில் வால்பேப்பரும் பூஞ்சையும் சேர்ந்த இந்தக் கூட்டணி ஆட்களையே படுக்கையில் தள்ளியதாகச் சொல்வார்கள். 1775-இல் ஸ்வீடனில் கார்ல் ஷீலே உருவாக்கிய ஆர்சனிக் பச்சை, அடுத்த நூற்றாண்டில் வால்பேப்பர்களில் ஏறியது. பூஞ்சை அந்த ஆர்சனிக்கைப் பூண்டு வாடை வீசும் வாயுவாக மாற்றுவதை 1890களில் இத்தாலியர் பார்த்தலோமியோ கோசியோ காட்டினார். அது டிரைமெத்தில் ஆர்சைன் என்று 1932-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் சேலஞ்சர் கண்டறிந்தார். இன்றைய வால்பேப்பரில் அந்தப் பச்சை கிடையாது, பயம் வேண்டாம். ஆனால் பூஞ்சை வித்துகள் ஆஸ்துமாக்காரர்களை இன்றும் படுத்தும்.

நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் ஆவியைத் தடுக்காது. நீற்றிய சுண்ணாம்பின் பிஎச் அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் பூஞ்சை முளைப்பது கடினம். காற்றின் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்லக் காரம் இழக்கும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டுமல்ல, இழந்த காரம் அதில் திரும்பக் கிடைத்தது.

வால்பேப்பரே கூடாது என்பதல்ல. டிவிக்குப் பின்னால் இருக்கும் உட்சுவரில் தாராளமாக ஒட்டலாம். அதற்குமுன் ஒரு முழம் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவர் இன்னும் காயவில்லை. மேற்குச் சுவரையும் பாத்ரூமை ஒட்டிய சுவரையும் பெயின்ட்டோடு விட்டுவிடுங்கள். மற்ற சுவர்களுக்கு ஆள் கூப்பிடுவதை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.