எக்ஸ்-ரே சுத்தம், கைதான் தூக்கவில்லை!

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மா நம்மிடம் குறைபட்டுக்கொண்டார்.

"கொண்டை போட முடியலீங்க ஐயா. முதுகுப் பக்கம் கை போகவே மாட்டேங்குது. ராத்திரி அந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்க முடியல. படம் புடிச்சாங்க, எலும்பு நல்லா இருக்குன்னுட்டாங்க. அதைக் கேட்டுட்டு மண்டோரு, நான் வேலைக்கு டிமிக்கி குடுக்கிறேன்னு பேசுறாரு!"

பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அன்று முதல் கையை உயர்த்திக் குலை வெட்டியே பிழைத்த மக்கள் நாம். கை தூக்கவில்லை என்றால் நமக்குச் சோறு இல்லை. ஆகவே இந்தப் படத்தின் சங்கதியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அந்த அம்மாவுக்கு வந்திருப்பது தோள் இறுக்கமாக இருக்கலாம். 1934இல் அமெரிக்க டாக்டர் காட்மன் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தார். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய பை போன்ற சவ்வு ஒன்று உண்டு. அது அழற்சி கண்டு, தடித்துச் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்-ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், சவ்வைக் காட்டாது. படம் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது!

அப்படியானால் படம் எதற்கு? மூட்டுத் தேய்மானம், எலும்பு விலகல், சுண்ணாம்புப் படிவு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான். நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் டாக்டரின் கைதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். நாமே திருப்பினாலும், அவர் திருப்பினாலும் போகவில்லை என்றால் இறுக்கம் என்று சந்தேகிக்கலாம். நம்மால் தூக்க முடியாத கையை அவர் தூக்கினால் மேலே போகிறதா? அப்போது தசைநார் கிழிந்திருக்கலாம். அதைப் பார்க்க, கர்ப்பிணிகளுக்குச் செய்வது போன்ற ஒலியலை ஸ்கேன் உதவும். எம்.ஆர்.ஐ. படத்தில் சவ்வு தடித்திருப்பதும் தெரியும். ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்படாது.

இன்னொன்று. நீரிழிவு உள்ளவர்களுக்குத்தான் இந்த இறுக்கம் அதிகம் வருகிறது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்தான் முன்னணியில்! தோள் இறுகினால் இரத்தத்தில் சீனியையும் சோதித்துவிடுங்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும். நீரிழிவு இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த நோய் ஓரிரு மாதத்தில் போகாது. ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரைகூட இழுக்கும். ஆனால் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். வலிமாத்திரையும், கற்றுக்கொடுத்த பயிற்சியை நாள்தோறும் செய்வதும் உதவும். எண்ணெய் தடவி முரட்டுத்தனமாக இழுத்துவிடுவது வேண்டாம். வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பதும் வேண்டாம்.

அந்த அம்மாவிடம் நாம் சொன்னது இதுதான்: "படம் சுத்தம் என்ற பேச்சோடு திரும்பி வராதீங்கம்மா. கை எவ்வளவு தூரம் போகுதுன்னு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. இலகுவான வேலை வேணும்னு கடிதம் எழுதி வாங்கி ஆபீசில் குடுங்க."

மண்டோர்களுக்கும் ஒரு வார்த்தை: எலும்புப் படத்தை வைத்து ஓர் உழைப்பாளியின் நாணயத்தை அளக்காதீர்கள்.