செங்காந்தள் நிறுத்தி வைக்கும் செல்

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செங்காந்தள் வயல்களில் பூக்கும் பருவம் வந்துவிட்டால் விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். பந்தலில் படர்ந்த கொடிகளுக்கு நடுவே ஒவ்வொரு பூவாகப் போய், ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் கையால் தொட்டு வைப்பார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. கிழங்கின் வடிவத்தைப் பார்த்துக் கலப்பைக்கிழங்கு என்பார்கள். கண்வலிக்கிழங்கு என்ற பேர்தான் சந்தையில் புழக்கம். மாநில மலர்தான், ஆனாலும் விவசாயிக்குக் காசு விதையில்தான் இருக்கிறது. விதைக்குள் உள்ள கோல்ச்சிசின் என்ற பொருளுக்காக அது கடல் தாண்டிப் போகிறது.

யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் கவுட் நோய்க்குக் கோல்ச்சிசின் மருந்து. உயிரியல் ஆய்வகங்களில் அதற்கு வேறொரு வேலை உண்டு. இரண்டாகப் பிரியப் புறப்பட்ட செல்லை அது பாதி வழியில் நிறுத்தி வைக்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால், செல் எப்படிப் பிரிகிறது என்பதும் விளங்கிவிடும்.

பிரியும் செல்லைப் பார்க்க ஒரு வெங்காயம் போதும். அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி குவளையின் வாயில் உட்காரவைத்தால், மூன்று நாலு நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். வேரின் நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில்தான் செல்கள் மும்முரமாகப் பிரிகின்றன. அந்த நுனியை நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, மேலே கண்ணாடி வில்லையை மூடிக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். பள்ளியில் உயிரியல் எடுத்துப் படித்தவர்களுக்கு அந்தச் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டியது நினைவிருக்கும்.

நுண்ணோக்கியில் முதலில் தெரிபவை பெரும்பாலும் சும்மா இருப்பதுபோல் தோன்றும் செல்கள். நடுவில் உருண்டையாக உட்கரு, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில்தான் செல் வளர்கிறது. தன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்கிறது. இதை இடைநிலை என்கிறோம். ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் ஒன்று பிரிந்து மறுபடி பிரிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும் என்றால், கண்ணுக்குத் தெரியும் பிரிவு அதில் சுமார் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஆயத்தம்.

நம் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். நகல் எடுத்த பிறகு நாலு மீட்டர். அவிழ்ந்து கிடக்கும் இவ்வளவு நூலை அப்படியே இரண்டாகப் பங்கிட்டால் சிக்கும், அறும். அதனால் செல் அதை நூல்கண்டுபோல இறுக்கிச் சுற்றிக்கொள்கிறது. அப்படிச் சுற்றியவைதான் நாம் பார்க்கும் குரோமோசோம்கள். வெங்காயத்தில் 16, நமக்கு 46. ஒவ்வொன்றும் அசலும் நகலுமாக இரட்டையாக, சென்ட்ரோமியர் என்ற இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு உட்கருவின் உறை கலைகிறது. செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் புறப்படுகின்றன. டியூபுலின் என்ற புரதம்தான் அவற்றுக்குச் செங்கல். கல் சேரச் சேர இழை நீளும், உதிர உதிரக் குறுகும். அவை நீண்டும் குறுகியும் துழாவிக்கொண்டே குரோமோசோம்களின் இடுப்பைப் பிடிக்கின்றன. அசலை ஒரு முனையின் இழை பிடித்தால், நகலை எதிர்முனையின் இழை பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுக்க, எல்லாம் செல்லின் நடுவே வரிசையாக வந்து நிற்கும்.

செல் பிரிவிலேயே எனக்கு ஆகப் பிடித்த கட்டம் இதுதான். செல் அவசரப்படுவதில்லை. ஒரே ஒரு குரோமோசோம் இழையில் மாட்டாமல் அலைந்தாலும், அதன் இடுப்பிலிருந்து ‘பொறு’ என்ற சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும். மற்றவை அத்தனையும் காத்து நிற்கும். கடைசி ஒன்றும் மாட்டிய பிறகே ஒட்டியிருந்த பிணைப்பு வெட்டப்படுகிறது. அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம். இடுப்பு முன்னே போக, வால்கள் பின்னே இழுபட்டுக்கொண்டே போகும். அப்புறம் இரு முனைகளிலும் புது உட்கரு உருவாகும். வெங்காயச் செல் என்றால் நடுவில் சுவர் எழும்பும். நம் செல் என்றால் சுருக்குப்பையின் வாயை இழுத்ததுபோல நடுவில் இறுகி இரண்டாகும்.

கோல்ச்சிசின் போய் ஒட்டிக்கொள்வது டியூபுலினில். கல்லோடு கல் சேராது, இழை உருவாகாது. குரோமோசோம்கள் சுருண்டு தயாராக நிற்கும், இழுக்க ஆளில்லை. ‘பொறு’ என்ற சமிக்ஞையும் ஓயாது. செல் அங்கேயே நின்றுவிடும்.

நின்ற செல்லை வைத்துத்தான் நம்மை நாமே எண்ணிக்கொண்டோம். தியோஃபிலஸ் பெயின்டர் 1923இல் சொன்னதை நம்பி, மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றே முப்பது ஆண்டுக்கு மேல் புத்தகங்கள் சொல்லிவந்தன. 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, கோல்ச்சிசினால் நிறுத்திய மனிதச் செல்களை உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ஊதவைத்துப் பார்த்தார். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விலகிக் கிடந்தன. எண்ணினால் 46. ஆல்பர்ட் லெவானும் அவரும் அதை 1956இல் வெளியிட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 இருப்பது தெரியவந்தது அதற்குப் பிறகுதான், 1959இல்.

விதையில்லாத் தர்பூசணியும் இதே பொருளின் உபயம். தாவரச் செல் இழையின்றி வெகுநேரம் நின்றுவிட்டு, பிரியாமலே உட்கருவை மூடிக்கொள்ளும். 22 குரோமோசோம் 44 ஆகிவிடும். அந்தச் செடியைச் சாதாரணத் தர்பூசணியோடு கலந்தால் பிள்ளைக்கு 33. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாக, குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பாதியாகப் பிரிய வேண்டும். அதற்குக் குன்றல் பிரிவு என்று பெயர். மூன்று மூன்றாக இருப்பவை எப்படிச் சமமாக ஜோடி சேரும்? விதை பிடிப்பதில்லை.

கிழங்கில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்றவர்கள் இலங்கையில் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. வீட்டில் வளர்ப்பவர்கள் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நஞ்சு உடலில் ஏறும் வரிசையே ஒரு பாடம். முதலில் வாந்தியும் பேதியும். குடலின் உட்புறத் தோல் சில நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. அடுத்த நாள்களில் இரத்த அணுக்கள் குறையும். எலும்பு மஜ்ஜை ஓயாமல் செல்களைப் பெருக்கும் இடம். பிழைத்துக்கொண்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். வேர்க்காலின் செல்களும் வேகமாகப் பிரிபவை. நஞ்சு வடிந்து டியூபுலின் மறுபடி இழையாகச் சேரத் தொடங்கியபின், சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும்.