கலவரமும் இளைஞர்களும்: கேள்வியைத் திருத்திக் கேட்போம்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு மன்றத் தோழர்கள் கொடுத்த தலைப்பு ஒரு கேள்வி: இளைஞர்கள் ஏன் கலவரத்தில் இறங்குகிறார்கள்? ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதத்திலும் தலையங்கத்திலும் சட்டமன்றத்திலும் கேட்கப்படுகிற கேள்விதான். பதில்களும் நமக்கு மனப்பாடம். வேலையில்லை, டாஸ்மாக், சினிமா, செல்போன், வயசுக் கோளாறு, யாரோ தூண்டிவிட்டார்கள்.

இந்தப் பதில்கள் சிலவற்றில் உண்மை உண்டு. ஆனால் இவையெல்லாம் வருடம் முழுக்க இருப்பவை. டாஸ்மாக் தினமும் திறந்திருக்கிறது. வேலையில்லாத பையன் எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும் இருக்கிறான். தீ மட்டும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தெருவில் பற்றுகிறது. தினமும் இருக்கிற ஒன்றைச் சொல்லி, ஒரு நாள் மட்டும் நடந்ததை விளக்கிவிட முடியாது. எனவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே சொல், வேறு வேறு நிகழ்வுகள்

முதலில் ‘கலவரம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், இமானுவேல் சேகரன் நினைவு நாளில், தலைவர் ஒருவரின் கைதைக் கண்டித்துச் சாலை மறியல் செய்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன.

மூன்றுமே செய்திகளில் ‘கலவரம்’ என்றுதான் வந்தன. முதல் இரண்டில் அடிபட்டவர்களும் செத்தவர்களும் கோரிக்கையோடு தெருவுக்கு வந்த மக்கள். மூன்றாவதில் ஒரு சாதியின் கும்பல் இன்னொரு சாதியின் வீடுகளுக்குள் புகுந்தது. இவை அனைத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, ‘இளைஞர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்’ என்று கேட்டால், அடித்தவனும் அடிபட்டவனும் ‘இளைஞர்கள்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். விவாதத்தின் முதல் அநீதி அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அமெரிக்கா நடத்திப் பார்த்த விசாரணை

இந்தக் கேள்வியை மிக விரிவாக விசாரித்த நாடு அமெரிக்கா. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்களைத் தொடங்கிய இளைஞர்கள், அமெரிக்காவின் பிளாக் பேந்தர்களிடமிருந்தே தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு காரணமாகவும் அமெரிக்க அனுபவத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பு இளைஞரின் காரைப் போலீஸ் நிறுத்தியதில் தொடங்கிய மோதல் பல நாள் நீடித்து 34 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த மெக்கோன் குழு, பங்கேற்றவர்கள் கறுப்பு மக்களில் சுமார் 2 விழுக்காட்டினர்தான் என்றது. வேலை வெட்டி இல்லாத, ஊருக்குப் புதிய, உதவாக்கரைக் கூட்டம் என்ற சித்திரம் அதிலிருந்து பொதுப்புத்தியில் பதிந்தது. இதை எதிர்த்து எழுதிய சமூகவியலாளர்கள் அதற்கு ‘கழிசடைக் கோட்பாடு’ என்று பொருள்படும் ஒரு பெயரையே வைத்தார்கள். 

1967 கோடையில் நூவார்க் நகரமும் டெட்ராய்ட் நகரமும் எரிந்தன. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் ஜான்சன், இல்லினாய் ஆளுநர் ஓட்டோ கெர்னர் தலைமையில் 11 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார். 1968இல் வந்த அறிக்கை பழைய சித்திரத்தைத் தலைகீழாக்கியது. தெருவில் இறங்கிய இளைஞர் பெரும்பாலும் அதே நகரத்தில் வாழ்ந்து வளர்ந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டவர்தான். ஆனாலும் இறங்காத பக்கத்து வீட்டுக்காரரைவிடச் சற்றுக் கூடுதலாகப் படித்தவர். அரசியல் செய்திகளை அதிகம் அறிந்தவர். தன் இனத்தைப் பற்றிப் பெருமிதம் கொண்டவர். தகுதிக்கேற்ற வேலை கிடைக்காதவர். எந்தச் சதிக் கும்பலும் இவரை வழிநடத்தவில்லை. பல நகரங்களில் மோதலின் தொடக்கப் புள்ளி போலீசுடன் நடந்த ஏதோ ஓர் உரசல். அதற்குப் பின்னால் வீடு, வேலை, பள்ளி என்று நீண்ட காலம் சேர்ந்த புறக்கணிப்பு. வெள்ளை நிறவெறியே இதற்கு அடிப்படை என்று ஓர் அரசு ஆணையமே எழுதியது.

அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்த உளவியலாளர் கென்னத் கிளார்க், 1919 சிகாகோவிலிருந்து வாட்ஸ் வரை வந்த விசாரணை அறிக்கைகளைப் படித்தால் ஒரே அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் இருக்கிறது என்று வருந்தினார். அதே ஆய்வு, அதே பரிந்துரை, அதே செயலின்மை. ஜான்சனும் கெர்னர் அறிக்கையின் பெரும் பரிந்துரைகளைக் கையில் எடுக்கவில்லை. விசாரணை ஆணையங்களின் அறிக்கைகளுக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு இது புதிதல்ல.

கெர்னரை அப்படியே தருமபுரிக்குப் பொருத்தலாமா?

கூடாது. டெட்ராய்ட்டில் ஒடுக்கப்பட்டவர்கள் தங்களை ஒடுக்கிய அமைப்புக்கு எதிராக வெடித்தார்கள். தருமபுரியில் எரிந்தது ஒடுக்கப்பட்டவர்களின் வீடு. ‘வேலையின்மையால் வந்த கோபம்’ என்ற விளக்கத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால், தாக்கியவனுக்கு அது சால்ஜாப்பாகிவிடும். சாகுபடி நொடித்திருப்பதும், நிலம் துண்டு துண்டாகிவிட்டதும், படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காததும் உண்மைதான். அந்தக் கோபம் ஏன் வங்கி வாசலுக்குப் போகவில்லை? கொள்முதல் விலை நிர்ணயிக்கிற அலுவலகத்துக்கு ஏன் போகவில்லை? காலனிக்கு ஏன் வந்தது? வேலையின்மை காலனி இளைஞருக்கும் இருந்ததே, அவர் ஏன் யார் வீட்டையும் கொளுத்தவில்லை? கோபத்துக்கு முகவரி எழுதிக் கொடுப்பது யார் என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

உத்தரப்பிரதேசத்தில், குறிப்பாக அலிகாரில், பல பத்தாண்டுகள் களஆய்வு செய்த அரசியல் அறிஞர் பால் பிராஸ் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். கலவரங்கள் தானாக வெடிப்பவை அல்ல, அவற்றை நடத்தும் ஓர் அமைப்பு நிலையாக இயங்குகிறது என்பது அவர் வாதம். அதை அவர் நாடகத்தோடு ஒப்பிட்டு மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்: ஒத்திகை, அரங்கேற்றம், விளக்கம்.

தருமபுரியை இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். அதே ஆண்டின் சித்திரைத் திருவிழாவில், மாமல்லபுரத்துச் சாதி மேடையிலேயே கலப்புத் திருமணங்களுக்கு எதிரான பேச்சு ஒலித்தது. அது ஒத்திகை. சாதி மறுத்து மணந்த பெண்ணின் தந்தை இறந்ததும் கூட்டம் திரண்டது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பெட்ரோல் குண்டுகள் வந்தன. தாக்குதல் மணிக்கணக்கில் நீடித்தது. பீரோக்கள் உடைக்கப்பட்டு நகையும் பணமும் போன பிறகுதான் வீடுகள் எரிந்தன. திடீர்க் கோபத்துக்கு இவ்வளவு தயாரிப்பு தேவைப்படாது. இது அரங்கேற்றம்.

மூன்றாவது கட்டம்தான் நம் தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. வீடுகள் எரிந்த பிறகு தமிழ்நாட்டில் இளைஞர்களைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. எந்த இளைஞர்களைப் பற்றி? கொளுத்தியவர்களைப் பற்றியல்ல. தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். எரித்தவர்களின் கை மறைந்துபோய், எரிக்கப்பட்டவர்களின் உடுப்பு விவாதப் பொருளானது. மணமகனான அந்த இளைஞர் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். விளக்கம் என்பது கலவரம் முடிந்தபின் நடக்கும் அறிவுரையாடல் என்று நாம் நினைக்கிறோம். அதுவும் தாக்குதலின் ஒரு பகுதிதான். அடுத்த தாக்குதலுக்கான ஒத்திகை அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

தனி இளைஞன் ஏன் போகிறான்?

அமைப்பு என்று சொல்லிவிட்டுத் தனி மனிதரை விட்டுவிட முடியாது. ஆதிக்கச் சாதியின் இருபது வயதுப் பையன் ஒருவன் ஏன் அந்தக் கூட்டத்தோடு போகிறான்? போகாவிட்டால் ‘நீயெல்லாம் ஒரு ஆம்பளையா’ என்று கேட்கும் சொந்தபந்தம் ஒரு காரணம். வீட்டுப் பெண்ணின் விருப்பத்தைக் காவல் காப்பதே ஆண்மை என்று சிறு வயதிலிருந்தே ஊட்டப்பட்டது இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை. வழக்கு வந்தாலும் ஜாமீன் எடுக்க ஆள் உண்டு, சாட்சி பிறழும், வருடங்கள் ஓடும், ஊர் பார்த்துக்கொள்ளும். தண்டனை இல்லை என்ற நிச்சயம்தான் கோபத்தைச் செயலாக மாற்றுகிறது.

நம் பக்கத்து இளைஞனின் கணக்கு வேறு. ‘மற்றும் பெயர் தெரியாத பலர்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதும் ஒரு வரி போதும், தெருவே இரவோடு இரவாகக் காலியாகிவிடும். அடிபட்டவர் புகார் கொடுத்தால் எதிர் வழக்கு ஒன்று தயாராகிறது. பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த வழக்கு எழுந்து நிற்கிறது. கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இது வாழ்நாள் இழப்பு. ஒரே ‘கலவரம்’ இரண்டு இளைஞர்களிடமும் சமமான விலை கேட்பதில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை நம் மக்கள் குடித்த பிறகு, வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளப்பப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் தாக்கப்பட்டார்கள். திருப்பி அடிக்கத் துடித்த இளைஞர்கள் அங்கே ஏராளம். அவர்களில் முன்னாள் படைவீரர்களும் இருந்தார்கள். அம்பேத்கர் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தாக்கியவர்கள்மீது வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுடைய கோபம் சட்டத்தின் வழியே போனது. அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதி எரிப்பாகவும் வந்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

உண்மை அறியும் குழுவாகப் போகும் மாணவர்கள், ‘இளைஞர்கள் ஏன் ஈடுபட்டார்கள்’ என்ற கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முந்தைய ஆறு மாதத்தில் அந்த வட்டாரத்தில் யார் கூட்டம் போட்டார்கள், என்ன பேசினார்கள்? ஆட்களைக் கொண்டுவந்த வண்டி யாருடையது? எத்தனை மணிக்குக் காவல் நிலையத்துக்குத் தகவல் போனது, எத்தனை மணிக்குப் போலீஸ் வந்தது? இவற்றைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறிய அரசு ஊழியரைத் தண்டிக்கச் சொல்கிறது. 16ஆம் பிரிவு கூட்டு அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உரிமைகளைத் தருகிறது. நேரம் குறித்த ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் இந்தப் பிரிவுகளை யாரும் பயன்படுத்த முடியாது.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் போகவில்லை? மோதலைத் தணிக்கத் தெருவுக்கு வந்தவர்களையும் கெர்னர் ஆணையம் கணக்கில் எடுத்தது. எந்தச் சாதியிலும் எல்லா இளைஞரும் கூட்டத்தோடு போவதில்லை. முன்கூட்டியே போன் செய்து எச்சரிப்பவர், வீட்டுக்குள் ஒளித்து வைப்பவர், வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவுபவர் என்று சிலர் எப்போதும் உண்டு. அவர்களைப் பேசவைக்க முடிந்தால், போனவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கும் பதில் கிடைக்கும். அவர்களும் அதே வயதுதான், அதே ஊர்தான், அதே வேலையின்மைதான். போகாமல் இருக்கவும் முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. அந்தச் சாட்சி இருக்கும்வரை ‘வயசுக் கோளாறு’ என்று சொல்லி யாரும் தப்பித்துவிட முடியாது.