அரியர் வருவதற்கு முன்னாடியே தெரிய வேண்டிய எண்

மெஷின் லேர்னிங் மினி புராஜெக்ட் என்றாலே ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒரு டீம் 'ஸ்டூடண்ட் பெர்ஃபார்மன்ஸ் பிரெடிக்‌ஷன்' எடுத்துவிடும். டேட்டாசெட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். போர்ச்சுகல் நாட்டின் இரண்டு பள்ளிகளில் எடுத்தது. பாவ்லோ கோர்தெஸ், அலிஸ் சில்வா இருவரும் 2008-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தியது. மொத்தம் 33 காலம். அப்பா வேலை, அம்மா வேலை, பயண நேரம், எத்தனை நாள் லீவு என்று எல்லாம் உண்டு. வார நாளில் எவ்வளவு தண்ணி அடிக்கிறார்கள் என்பதுகூட!

இதில் ஜி1, ஜி2 என்பவை முதல் இரண்டு பருவ மதிப்பெண்கள். ஜி3 இறுதி மதிப்பெண். நம்ம ஆட்கள் ஜி1, ஜி2 ரெண்டையும் உள்ளே போட்டு ஜி3-யைக் கணித்து, அக்யூரசியைக் காட்டி ரிவ்யூவில் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். ஆனால் ரெண்டு பருவம் முடிந்த பிறகு மூன்றாவதைச் சொல்ல மாடல் எதற்கு? கிளாஸ் டீச்சரே சொல்லிவிடுவாரே. அந்த ரெண்டு காலமும் இல்லாமல் கணிப்பதுதான் கஷ்டம், ஆனால் அதுதான் அதிகம் பயன்படும் என்று டேட்டாசெட் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

சரி, அப்படிச் சீக்கிரமே தெரிந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? அதைச் செய்து பார்த்த ஊர் அமெரிக்காவின் சிக்காகோ.

அங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அரசுப் பள்ளிகளில் பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் ஏராளம். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எலேன் ஆலன்ஸ்வர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2005-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் ரெண்டே கேள்வி. பத்தாம் வகுப்புக்குப் போகத் தேவையான கிரெடிட் சேர்ந்துவிட்டதா? முக்கியப் பாடங்களில் ஃபெயில் ஆனது ஒரு செமஸ்டருக்கு மேல் போகாமல் இருக்கிறதா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால் அந்த மாணவர் 'ஆன் டிராக்'. அவ்வளவுதான், ஒரு இஃப் கண்டிஷன். ஆன் டிராக்கில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். மற்றவர்களில் 22 சதவீதம் பேர்தான்.

2007-ல் வந்த அடுத்த அறிக்கைதான் எனக்கு இன்னும் சுவாரஸ்யமாகப் பட்டது. நல்ல மார்க்கோடு ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, ஒரு செமஸ்டரில் ரெண்டு வாரம் லீவு போட்ட பிள்ளைகள் இருந்தார்கள். குறைந்த மார்க்கோடு வந்து ஒரு வாரம் மட்டும் லீவு போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அதிகப் பாடங்களில் ஃபெயில் ஆனது முதல் கூட்டம்தான்!

இது ஏன் முக்கியம்? அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதும் எட்டாம் வகுப்பு மார்க்கும் கணிப்புக்கு உதவலாம். ஆனால் அவற்றைப் பள்ளியால் மாற்ற முடியாது. திங்கள்கிழமை வராத பையனை செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க முடியும். சிக்காகோவில் பள்ளிகளுக்குப் போனது வெறும் சதவீதம் இல்லை, பெயர்ப் பட்டியல். யார் வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் ஃபெயில் ஆகிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆண்டு நடுவிலேயே ஆசிரியர்கள் கையில் இருந்தது. வீட்டுக்குப் போன் போனது, தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2007-ல் 57 சதவீதமாக இருந்த ஆன் டிராக் விகிதம் 2013-ல் 82 ஆனது.

உடனே ஒரு சந்தேகம் வரும். டார்கெட் வைத்தால் ஃபெயிலைத் தூக்கி பாஸ் போட்டுவிட மாட்டார்களா? நியாயமான கேள்விதான். அந்த ஆய்வுக் குழுவே 2014-ல் இதைச் சோதித்தது. சும்மா பாஸ் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புகளில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் முன்னேறிய மூன்று பள்ளிகளில், பள்ளியை முடித்தவர்களின் விகிதமும் 8 முதல் 20 புள்ளி வரை ஏறியிருந்தது. ஃபெயில் குறைந்ததோடு நல்ல கிரேடுகளும் கூடியிருந்தன.

நம்ம காலேஜில் இப்படி ஒரு லிஸ்ட் போட்டால் முதலில் சொதப்பப்போவது அட்டெண்டன்ஸ் காலம்தான். காரணம் ப்ராக்ஸி. ரூமை விட்டே வெளியே வராமல் படுத்துக்கிடக்கிறவனுக்கு, பாசத்தோடு நாம் ஒரு "பிரசென்ட் சார்" சொல்லிவிடுவோம். அப்புறம் அந்த லிஸ்ட்டில் அவன் பேர் வராது, அவனுக்கு யாரும் போன் பண்ணவும் மாட்டார்கள்.