பீரோவில் எத்தனை மணி நேரம்?
வீட்டு வீடியோ காசெட்டுகளுக்கு ஒரு கணக்கு

(நமது பகுதி நிருபர்)

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்திலும், கரமனை, வலியசாலை போன்று தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலும் பழைய வீடுகளின் பீரோக்களைத் திறந்தால் வீடியோ காசெட்டுகளைக் காணலாம். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், சொந்த ஊர்க் கொடை விழா, டி.வி.யிலிருந்து பதிவு செய்த தமிழ்ப் படம் என்று எல்லாம் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் கலர் டி.வி. வந்தது. 1985 ஜனவரி முதல் தேதி திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. அக்காலத்துக் காசெட்டுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயதாகிறது.

வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த கடைசிப் பெரிய கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது அரிது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே, உள்ளதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்துக்கொள்ள விரும்புவோர் காலம் தாழ்த்தக் கூடாது.

எண்ணிக்கை மட்டும் போதாது

இந்த வேலையில் இறங்குவோர் முதலில் காசெட்டுகளை எண்ணுகிறார்கள். "நாற்பது இருக்கிறது" என்கிறார்கள். அது போதாது. நாற்பது காசெட்டில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதே கேள்வி.

காரணம் எளிது. மூன்று மணி நேரக் காசெட்டை மாற்ற மூன்று மணி நேரம் அதை ஓடவிட்டே ஆக வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. மொத்த ஓட்ட நேரம் தெரிந்தால்தான் எத்தனை இரவுகள் வேலை, எவ்வளவு இடம் வேண்டும், கடையில் கொடுத்தால் என்ன செலவு என்பதெல்லாம் தெரியும்.

புள்ளி செய்யும் வினை

இங்கேதான் பலர் கால்குலேட்டரை எடுத்துத் தவறு செய்கிறார்கள். ஐந்து காசெட் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கல்யாணம் 2 மணி 45 நிமிடம், ஆண்டு நிறைவு 50 நிமிடம், டி.வி.யில் பதிந்த சினிமா 2 மணி 20 நிமிடம்; காதுகுத்து 1 மணி 35 நிமிடம்; ஊர்த் திருவிழா 40 நிமிடம்.

இவற்றை 2.45, 0.50, 2.20, 1.35, 0.40 என்று தட்டிக் கூட்டினால் 6.9 என்று விடை வரும். இதை ஒருவர் 6 மணி 9 நிமிடம் என்பார். இன்னொருவர் 6 மணி 54 நிமிடம் என்பார். மூன்றாமவர் 6 மணி 90 நிமிடம், அதாவது ஏழரை மணி என்பார். மூன்றும் தவறு.

நேரம் நூறு நூறாகப் போவதில்லை. அறுபது அறுபதாகப் போகிறது. இது நமக்குப் புதிதல்ல. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். ரயில் அட்டவணை பார்ப்பவர்களும் இதை அறிவார்கள். 23.50-க்குப் புறப்பட்டு 2.15-க்குச் சேரும் வண்டியின் பயண நேரத்தைச் சாதாரணக் கழித்தலில் கண்டுபிடிக்க முடியாது.

சரியான வழி, எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிடுவது. 165, 50, 140, 95, 40. கூட்டினால் 490. அறுபதால் வகுத்தால் ஈவு 8, மீதி 10. ஆக, 8 மணி 10 நிமிடம். பட்டியலில் நிமிடம் என்று ஒரே கலம் போட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை வகுத்தால் போதும்.

இந்த வித்தியாசம் பையைத் தொடும். மணிக்கு 2 ஜி.பி. இடம் பிடிக்கும்படி மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். 6.9 மணி என்று நம்பியவருக்கு 14 ஜி.பி.க்குள் முடியும் என்று தோன்றும், 16 ஜி.பி. பென்டிரைவ் வாங்குவார். உண்மையில் 16 ஜி.பி.க்கும் சற்று அதிகமாகத் தேவை. கடைசிக் காசெட் முழுதாக ஏறாது.

லேபிளை நம்பலாமா?

காசெட் மீது ஈ-180 என்று இருந்தால் 180 நிமிடம் பதியலாம் என்று பொருள். அவ்வளவும் பதிந்திருக்கிறது என்று பொருளல்ல. 50 நிமிடம் விழாவைப் பிடித்துவிட்டு மீதியை வெறுமனே விட்டிருக்கலாம். டெக்கை மெதுவேகத்தில் வைத்துப் பதிந்திருந்தால் அதே நாடாவில் 6 மணி நேரம் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த டி-120 காசெட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 120 நிமிடம் என்பது அந்நாட்டு டெக்கின் வேகத்துக்கு. நம் நாட்டு முறையான பாலில் நாடா மெதுவாக நகர்வதால், அதே காசெட் இங்கே சுமார் 170 நிமிடம் ஓடும்.

பழைய டெக்கின் கவுண்ட்டர் எண்ணும் நேரத்தைக் காட்டாது. அது சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறது. நாடா சேரச் சேரச் சக்கரம் மெதுவாகச் சுற்றும். எனவே தொடக்கத்தில் நூறு எண் ஓடும் நேரமும் முடிவில் நூறு எண் ஓடும் நேரமும் ஒன்றல்ல. நேரம் காட்டும் பிற்கால டெக்குகளோ, நாடாவில் ஒன்றும் பதியாத இடத்தில் எண்ணாமல் நின்றுவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பதே நல்லது.

ஆறு நிமிடம் எங்கே போயிற்று?

சினிமாக் காசெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஐயம் வருவதுண்டு. தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படம் காசெட்டில் 144 நிமிடத்தில் முடிகிறது. "கடைக்காரன் வெட்டிவிட்டான்" என்று கோபப்படுவார்கள்.

வெட்டாமலே அப்படி ஆகலாம். தியேட்டரில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். பால் முறை வீடியோவில் நொடிக்கு 25 படங்கள். நூற்றுக்கு நான்கு வீதம் வேகம் கூடுவதால் நேரம் குறைகிறது. குரலும் இம்மியளவு கீச்சென்று ஆகும்.

பிலிம் காலத்துத் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் படம் என்றால் தியேட்டரில் ஏறத்தாழ 146 நிமிடம். காசெட்டில் சுமார் 140 நிமிடம். பட்டியலில் புத்தகத்தில் உள்ள நேரத்தை எழுதாமல், நம் காசெட் ஓடும் நேரத்தையே எழுத வேண்டும்.

இந்த ஊர்க்காரர் காட்டிய வழி

பட்டியல் போடுவதைச் சில்லறை வேலை என்று நினைப்போர் பி.கே. நாயரை நினைத்துக்கொள்ளலாம். 1933-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சிறு வயதில் கே. சுப்ரமணியத்தின் "அனந்தசயனம்" போன்ற தமிழ்ப் புராணப் படங்களைப் பார்த்துச் சினிமா மோகம் கொண்டவர். டிக்கெட் துண்டுகளைச் சேர்த்து வைத்தவர்.

1964-ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதில் சேர்ந்த நாயர், 1991-ல் ஓய்வு பெறும்போது அங்கே சுமார் 12,000 படங்கள் சேர்ந்திருந்தன. எந்தப் படத்தின் எந்த ரீலில் எந்தக் காட்சி என்று சொல்லக்கூடியவர் என்று பெயர் பெற்றார். 2016-ல் காலமானார்.

நம் பீரோவுக்கும் அதே முறைதான். வரிசை எண், தேதி, என்ன விசேஷம், எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிகிறது, மொத்த நிமிடம் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்ளலாம். "யார் யார்" என்று ஒரு கலம் அவசியம். சினிமா முடிந்த பின் காசெட்டின் வாலில் பத்து நிமிடம் பாட்டி பேசுவது இருக்கக்கூடும். பட்டியலில் அது இல்லையென்றால் சினிமாக் காசெட் என்று குப்பைக்குப் போய்விடும்.

எதை முதலில்?

மொத்தத்தை இரண்டாகப் பிரித்துக் கூட்டுவது நலம். வீட்டுச் சொந்தப் பதிவு ஒரு தொகை. சினிமா இன்னொரு தொகை. மேற்சொன்ன உதாரணத்தில் சொந்தப் பதிவு 350 நிமிடம், அதாவது 5 மணி 50 நிமிடம். ஆபீஸ் விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு இரவில் முடிந்துவிடும். சினிமா காத்திருக்கலாம், அதன் பிரதி வேறெங்காவது கிடைக்கக்கூடும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு உலகில் அந்த ஒரு காசெட்தான்.

பூஞ்சணம் தெரியும் காசெட்டை டெக்கில் போட வேண்டாம். அது டெக்கின் ஹெட்டையும், அடுத்துப் போடும் காசெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துத் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. மற்றவற்றை ஒரு முனைக்குச் சுற்றி, புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே "யார் யார்" கலத்தை நிரப்பிவிடுவது நல்லது. நிமிடத்தைக் கடிகாரம் சொல்லும். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.